2017 டெங்கு அலைக்குப் பொருந்தும் மாதிரி அடுத்த வருடத்தில் ஏன் கவிழ்கிறது?

கேள்வி: இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்காகக் கொழும்பு மாவட்ட வாராந்த டெங்கு எண்ணிக்கையை எஸ்ஐஆர் (SIR: மக்களை நோய் வரக்கூடியவர், தொற்றியவர், குணமானவர் என்று பிரிக்கும் கணித) மாதிரியில் போட்டேன். 2017 அலை நன்றாகப் பொருந்துகிறது, அதன்பிறகு நோயே இல்லை என்கிறது! அந்தந்த வார மழைவீழ்ச்சியைச் சேர்த்தும் சரிவரவில்லை. மக்கள்தொகையையும் மாதிரியே கணிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். எங்கே பிழை?

பதில்: கடைசி வரியில்தான். கொழும்பில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள், பதிவான நோயாளிகள் அதில் மிகச் சிறு பங்கு. அலை ஏன் அடங்கியது என்று கேட்டால் எஸ்ஐஆருக்குத் தெரிந்த ஒரே விடை, நோய் வரக்கூடியவர்கள் தீர்ந்துபோனார்கள் என்பது; அந்த விடைக்கு ஏற்றபடி உங்கள் மாவட்டத்தையே சின்ன ஊராகச் சுருக்கியிருக்கும். மக்கள்தொகையைக் குடிசன மதிப்பீட்டின்படி பூட்டிவிட்டு, தொற்றுகளில் எத்தனை வீதம் பதிவாகிறது என்பதைக் கணிக்கவிடுங்கள். ஏறத்தாழ முக்கால்வாசித் தொற்றுகளில் அறிகுறியே தெரியாது, தெரிந்தவர்களும் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

அப்புறம், பரவும் வேகத்தை மாறிலியாக வைக்காதீர்கள். அங்கேதான் நுளம்பு வருகிறது. வைரஸ் உள்ளே போன நுளம்பு உடனே நோயைப் பரப்பாது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் சராசரியாக 15 நாள், 30 பாகையில் ஒரு வாரம் போல ஆகும், அதுவரை அது உயிரோடு இருக்க வேண்டும். ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு 0.9 என்றால் பத்து நாள் தாண்டுவது 35 வீதம், 0.8 என்றால் வெறும் 11 வீதம். முட்டை வளரும் நாட்கள், மனிதருக்குக் காய்ச்சல் வரும்வரையான 4 முதல் 10 நாட்கள், இப்படி ஒன்றிரண்டு சுற்று என்று கூட்டினால் இன்றைய மழை எண்ணிக்கையில் தெரிய 6 முதல் 10 வாரம் பிடிக்கும். அதே வார மழை உதவாததில் ஆச்சரியமில்லை. அடைமழை குடம்பிகளைக் கழுவிக்கொண்டும் போகும், ஆகவே நேர்கோட்டுத் தொடர்பாக எழுதவேண்டாம்.

நான்கு வைரஸ் வகைகளையும் தனித்தனியாக மாதிரியாக்க ஆசை வரும். 2017இல் இரண்டாம் வகை தலைதூக்கியதுதான் நாடு முழுவதும் 1,86,000 பேர் பதிவாக முக்கிய காரணம், உண்மைதான், ஆனால் வாராந்த எண்ணிக்கையில் வகை விவரம் கிடையாதே, எதை வைத்துக் கணிப்பீர்கள்? நோய் வரக்கூடியவர்கள் புதிதாக வந்து சேர, பிறப்பு, இறப்பைச் சேர்த்தால் இப்போதைக்குப் போதும்.

கடைசியாக, 2019ஐ மாதிரிக்குக் காட்டாமல் ஒளித்து வைத்துச் சோதியுங்கள். முந்தைய ஐந்து வருடங்களின் அதே வார இடையத்தைவிட (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்; சராசரி வேண்டாம், 2017 அதைக் கெடுத்துவிடும்) உங்கள் கணிப்பு கிட்ட வராவிட்டால், அதையும் அறிக்கையில் எழுதுங்கள், வாய்மொழித் தேர்வில் எப்படியும் கேட்பார்கள்.