தாய்லாந்து: புக்கெட் பயணத்தை ரத்து செய்ய வேண்டுமா?

தெற்குத் தாய்லாந்துக் குண்டுவெடிப்புச் செய்தியைப் பார்த்துவிட்டு, அம்மாவோடு போகவிருந்த புக்கெட் பயணத்தை ரத்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காக ரத்து செய்ய வேண்டாம். நாட்டைப் பார்க்காதீர்கள், மாகாணத்தைப் பாருங்கள். 2004 முதல் ஆயுத மோதல் நீடிப்பது மலேசிய எல்லையோரம்: பத்தானி, யாலா, நராத்திவாட், சோங்க்லாவின் தென்பகுதி. புக்கெட் மேற்குக் கடலோரம், வெகு தூரம். பிரிட்டன் வெளியுறவுத் துறையின் பயண அறிவுரையில் பகுதிவாரியாக வரைபடமே இருக்கும். கிளம்பும் வாரம் இன்னொரு முறை பாருங்கள்.

எனக்கு உண்மையான பயம் வாடகை ஸ்கூட்டர்தான். அங்கே சாலை விபத்துச் சாவுகள் மிக அதிகம், அதிலும் பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். இருசக்கர உரிமமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் ஓட்டினால் காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள். அம்மாவைப் பின்னால் ஏற்றவே ஏற்றாதீர்கள், கார் எடுங்கள். அப்புறம், சுற்றுலாப் போலீஸ் எண் 1155. அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.