பத்து மணிக்குப் பிறகு தவறும் பந்து

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 23 வயது. இலங்கையில் திருகோணமலைப் பக்கம் திருக்கடலூரில் இருக்கிறேன். இரண்டு வருடமாக உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் இருக்கும் பூல் டேபிளில் எயிட் போல் ஆடுகிறேன், கோலால் பந்துகளைக் குழிகளில் தள்ளி, கறுப்புப் பந்தைக் கடைசியில் போடும் ஆட்டம். வருகிற வெள்ளைக்காரர்களே என்னிடம் தோற்றுப் போகிறார்கள். என் மச்சான் கிரிக்கெட் ஆடுகிறவன். "மேசையைச் சுற்றி நடக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டா" என்று ஆட்கள் முன்னால் நக்கலடிக்கிறான். கிரிக்கெட், ஃபுட்போல், செஸ் எல்லாவற்றையும் விட மனதுக்கு அதிக வேலை கொடுப்பது என் ஆட்டம்தானே? நீங்கள் எழுதினால் அவனிடம் காட்டுவேன். இன்னொன்று, முன்னிரவில் எல்லாப் பந்தும் விழுகிறது, பத்து மணிக்குப் பிறகு கடைசிக் கறுப்புப் பந்துக்கு வரும்போது கை நடுங்குகிறது. (அந்த நேரம் பார்த்து அம்மா வேறு போன் எடுத்துக்கொண்டே இருப்பா. அப்பா விடிய மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர், எஞ்சின் தூக்க ஆள் வேண்டுமாம். நான் போனை சைலண்டில் போட்டுவிடுவேன்.) மனதை ஒருமுகப்படுத்த ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, மச்சானிடம் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் கேட்டிருக்கிறீர். அதைத் தருகிறேன், ஆனால் அதற்குக் கீழே நான் எழுதப்போவதையும் சேர்த்துக் காட்டும் தைரியம் உமக்கு வேண்டும்.

முதலில் அது விளையாட்டா இல்லையா என்ற பேச்சை முடித்துவிடுவோம். 1973 இல் பம்பாயில் எம்.ஜே.எம். லாபீர் உமது ஆட்டத்தைப் போலவே மேசையில் கோலால் ஆடும் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்று இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார். அர்ஜுன ரணதுங்க லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தைத் தூக்கியது 1996 இல். நடுவில் 23 வருடம், உமது வயதளவு. மேசையைச் சுற்றி நடந்த ஒருவர்தான் எங்களுக்கு முதலில் உலகப் பட்டம் என்றால் என்ன என்று காட்டினார். இதை மச்சானுக்குச் சொல்லும், போதும்.

இனி மனதுக்கு வருவோம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, பந்து வீசுபவரின் கையை விட்டு மட்டைக்கு வர அரை விநாடி கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் யாரும் கடனை நினைக்க முடியாது, வீட்டை நினைக்க முடியாது, உடம்பு பழகினதைச் செய்துவிட்டு ஓடும். பந்து ஆளைத் தேடி வருகிறது. உமது பந்து வராது. அது பச்சைத் துணியின் மேல் பேசாமல் கிடக்கும், நீர் கியூக் கோலின் நுனிக்கு சோக் பூசி, குனிந்து, இடது கையை விரித்து ஊன்றி, இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, அடிப்பதா இன்னும் ஒருதரம் பார்ப்பதா என்று நீராகவே முடிவெடுத்து அடிக்க வேண்டும். உம்மை அவசரப்படுத்த ஆளில்லை, அதுதான் பெரிய தொல்லை. அந்த நாலைந்து விநாடிக்குள் மனதில் எது தீராமல் கிடக்கிறதோ அது எழும்பி வந்து பக்கத்தில் நிற்கும்.

ஃபுட்போலில் இதுக்குக் கிட்ட வருவது பெனால்டி. பந்து அசையாது, கோல் 11 மீட்டர் தூரத்தில், உலகமே பார்த்துக்கொண்டு நிற்கும். 1994 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் ரொபர்ட்டோ பாஜியோ என்ற பெரிய ஆட்டக்காரரே அதைக் கம்பத்துக்கு மேலால் அடித்தார். ஆனால் ஃபுட்போல்காரனுக்கு அது எப்போதாவது ஒருநாள் வருவது, உமக்கு ஒவ்வொரு பந்தும் பெனால்டிதான். செஸ்ஸில் கணக்கு இதைவிட ஆழம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கை நடுங்கினாலும் குதிரை போகவேண்டிய கட்டத்துக்குத்தான் போகும். உமக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தப் பந்தைப் போட்ட பிறகு வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும், அங்கிருந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று செஸ்காரன் மாதிரிக் கணக்குப் போட்ட பிறகு, அதை அம்பு எய்கிறவனின் கையால் செய்துகாட்டவும் வேண்டும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இதயத் துடிப்பைத் தணித்துக் கை நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா புளொக்கர் மருந்துகளை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு எல்லா விளையாட்டுக்கும் தடைசெய்யவில்லை, சிலவற்றுக்கு மட்டும்தான். வில்வித்தை, துப்பாக்கி சுடுதல், கோல்ஃப், டார்ட்ஸ் இருக்கும் அந்தப் பட்டியலில் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்கள் எல்லாமே இருக்கின்றன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜொங் சு துப்பாக்கி சுடுதலில் வாங்கிய இரண்டு பதக்கங்களையும் அந்த மருந்தால்தான் இழந்தார். கிரிக்கெட் அந்தப் பட்டியலில் இல்லை. மச்சானுக்கு இதுவும் சொல்லலாம்.

அப்புறம், எதிராளி ஆடும்போது நீர் இருக்கும் அந்தக் கதிரை. டென்னிஸிலும் பட்மின்டனிலும் எதிராளி அடித்தால் நீர் திருப்பி அடிக்கலாம். இங்கே அவன் டேபிளில் நிற்கும் வரை உமக்குச் செய்ய ஒன்றுமில்லை, கியூவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறதுதான் வேலை. உமது ஆட்டத்துக்குச் சொந்தமான ஸ்னூக்கரில், 1985 உலக இறுதி ஆட்டத்தில், டெனிஸ் டெய்லர் முதல் 8 பிரேமையும், அதாவது 8 சுற்றையும், ஸ்டீவ் டேவிஸிடம் விட்டுவிட்டு அப்படித்தான் இருந்தார். 17க்கு 17 என்று வந்து, கடைசி பிரேம் மட்டும் 68 நிமிடம் இழுத்து, நடுச்சாமம் தாண்டி, கடைசிக் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சி நின்றபோது டேவிஸ் அதை அளவுக்கு மீறி மெல்லிசாக வெட்டித் தவறவிட்டார். டெய்லர் எழும்பிப் போய்ப் போட்டார். அன்றைய உலகத்தில் முதல் ஆட்டக்காரர் டேவிஸ். அவருக்கே அது நடந்தது என்றால் கறுப்புப் பந்து சின்ன விஷயமில்லை. (மச்சானுக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும், பாட் கட்டிக்கொண்டு அடுத்த விக்கெட் விழும்வரை காத்திருக்கிற துடுப்பாட்டக்காரனுக்கும் இந்தக் கதிரை தெரியும்.)

சரி, சான்றிதழ் முடிந்தது. இனி நீர் அடைப்புக்குறிக்குள் போட்டதுக்கு வருகிறேன்.

உமது கடிதம் முழுக்க ஆட்டம், மச்சான், வெள்ளைக்காரர். அப்பாவும் அம்மாவும் இரண்டு அடைப்புக்குறிக்கு நடுவில் இருக்கிறார்கள். பத்து மணிக்குப் பிறகு கை நடுங்குகிறது என்று ஒரு வரி, பத்து மணிக்கு அம்மா எடுக்கிறா என்று அடுத்த வரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீரே எழுதி வைத்துவிட்டு என்னிடம் பயிற்சி கேட்கிறீர். அந்த நேரத்தில் கதிரையில் இருக்கும்போது என்ன செய்கிறீர்? போன் சைலண்டில் இருந்தாலும் வெளிச்சம் விழும், "அம்மா" என்று பெயர் விழும், அது அணைந்து திரும்ப விழும். பிறகு எழும்பிப் போய்க் குனிகிறீர். நன்றாக ஆடுகிறவர்கள் அடிக்குமுன் கடைசிப் பார்வையைப் போடவேண்டிய பந்தில் மற்றவர்களைவிடக் கூடிய நேரம் நிறுத்துகிறார்கள் என்று கண்ணசைவை அளந்து பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். உமது கண் பந்தில் இருக்கும், மனம் திருக்கடலூரில் கேற் வாசலில் நிற்கும். நல்ல வீட்டுப் பிள்ளை என்றபடியால்தான் கை நடுங்குகிறது. நடுங்காமல் இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

"எஞ்சின் தூக்க ஆள் வேண்டுமாம்" என்று எழுதியிருக்கிறீர். ஆள்! நானும் கடற்கரையில் வளர்ந்தவள். 25 குதிரைவலு எஞ்சின் ஒன்று ஐம்பது கிலோவை ஒட்டி வரும். வீட்டிலிருந்து பொல்லில் கட்டி இரண்டு பேர் தோளில் வைத்துக் கொண்டுபோனால், மணலில் கால் வைக்கும்போது பாரம் பின்னால் பிடித்தவருக்குச் சாயும், முன்னால் போகிறவர் அதைத் திரும்பிப் பார்க்காமல் கால் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வார். என் அப்பாவும் பெரியண்ணாவும் அப்படிப் போவார்கள், நான் பெற்றோல் கானைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். உமது அப்பாவுக்கு வயது என்ன என்று நீர் எழுதவில்லை. 23 வயது மகன் இருக்கும் மனிதர், இளந்தாரி இல்லை. வீட்டில் வளர்ந்த மகன் இருக்கும்போது தகப்பன் விடிய மூன்று மணிக்கு எஞ்சினின் மறுமுனையைப் பிடிக்க இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை, காலம் மாறிவிட்டது என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கவும் வேண்டாம்.

உமது பக்கத்துச் சிக்கலும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில்தான் வெள்ளைக்காரர்களும் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வருகிறார்கள். டேபிளில் கூட்டம் இருக்கும் காலமும் அப்பாவுக்கு உழைப்பு இருக்கும் காலமும் ஒன்று. மாரி தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வள்ளம் கரையில் கிடக்கும், கெஸ்ட் ஹவுஸும் வெறிச்சோடும், அப்போது நாள் முழுக்க ஆடும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சீசனில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய் ஒன்பதரைக்குக் கியூவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போம். பாதி ஆட்டம் இருந்தால் விட்டுக்கொடும். ஏதாவது போட்டி என்று வந்தால் இரண்டு நாளைக்கு முன்னமே அப்பாவிடம் நேரே சொல்லும், அம்மா மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். அவர் வேறு ஒழுங்கு செய்துகொள்வார், சொல்லிவிட்டுப் போகிற பிள்ளையோடு எந்தத் தகப்பனும் கோபிக்க மாட்டார்.

மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் நான் இப்போது தரமாட்டேன். இரண்டு மாதம் இப்படி இருந்து பார்த்தும் கறுப்புப் பந்துக்குக் கை நடுங்கினால் எழுதும், அப்போது தருகிறேன்.

ஒரு விஷயம் உமது கடிதத்தில் இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இவ்வளவு நாளும் நீர் இல்லாத இரவுகளில் எஞ்சினின் மறுமுனையைப் பிடித்தது யார்? மச்சானாக இருந்தால் அவன் ஆட்கள் முன்னால் சொல்கிற அந்த நக்கலை நீர் வேறுவிதமாகக் கேட்க வேண்டிவரும். நாளை மூன்று மணிக்கு எழும்பி வாசலுக்கு வந்து, பொல்லோடு யார் வந்து நிற்கிறார் என்று பாரும். பார்த்துவிட்டு எனக்கு எழுதும்.