கண்ணாடி கறுக்கிறது, புகை நாறுகிறது: பெரிய விறகு ஸ்டவ் வாங்க வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் 1930களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கூடத்தில் (5 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர்) 5 கிலோவாட் விறகு ஸ்டவ் ஏற்கெனவே இருக்கிறது. 'சீசன்ட்' (காய வைத்த) விறகு என்று சொல்லி விற்றவரிடம் லாரியில் 3 கன மீட்டர் வாங்கினோம். ஒரே மாலையில் கதவுக் கண்ணாடி தார் பூசியதுபோல் கறுத்துவிடுகிறது. அறையும் சூடேறுவதில்லை. படுக்கப் போகும்போது நிறைய விறகை அடுக்கிக் காற்றை அடைத்துவிடுவோம், விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். பக்கத்து வீட்டார் புகார் செய்து கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஸ்டவ் போதாது, 8 கிலோவாட் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். அந்தக் கடைக்காரரிடம் இன்னொரு முறை போகவும் வேண்டாம்.

முதலில் அவர் சொன்ன கணக்கைப் பார்த்துவிடுவோம். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 14ஆல் வகுத்தால், நடுத்தரமாக வெப்பக்காப்பு உள்ள வீட்டுக்குத் தேவையான கிலோவாட் ஏறத்தாழ வந்துவிடும். உங்கள் கூடம் 50 கன மீட்டர். தேவை மூன்றரைக்குச் சற்று மேல். காற்று புகும் பழைய வீடு என்று 10ஆல் வகுத்தாலும் 5தான் வருகிறது. உங்களிடம் இருப்பதே 5. இந்த அறையில் 8 கிலோவாட் ஸ்டவ்வை முழு வேகத்தில் எரித்தால் உட்காரவே முடியாது. உடனே காற்றை அடைத்து அடக்கி வைப்பீர்கள். அடக்கி வைத்தால் கண்ணாடி கறுக்கும், புகை வரும். இப்போது இருக்கும் அதே நோய், இன்னும் பெரிய அளவில். ஸ்டவ் விற்பனையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இதுதான், வாங்குபவருக்கு வருடக்கணக்கில் தெரியாமலே போகும்.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. உங்களுடையதுபோல் பழைய வீடுகளில் 5 கிலோவாட் வரை சுவரில் நிரந்தரக் காற்றுத் துவாரம் கட்டாயமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் திறப்பு வேண்டும். 8 கிலோவாட் என்றால் 1,650 சதுர மில்லிமீட்டர், குளிர்காலம் முழுக்க மூடாமல் திறந்தபடி. அறையைச் சூடாக்க வாங்கிய ஸ்டவ்வுக்காகச் சுவரில் ஓட்டை போட்டுக் குளிரை உள்ளே விட வேண்டியிருக்கும்.

உங்கள் நோய்க்குக் காரணம் இரண்டு: விறகு ஈரம், காற்று பட்டினி. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

விறகு நேரடியாக எரிவதில்லை. சூட்டில் அது முதலில் வாயுக்களை வெளிவிடுகிறது; நீங்கள் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். விறகில் உள்ள வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுவில் இருக்கிறது. அது முழுதாக எரிய ஏறத்தாழ 600 டிகிரிச் சூடும் தாராளமான காற்றும் வேண்டும். ஒரு கிலோ விறகில் 350 கிராம் தண்ணீர் இருந்தால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் வேலையில் அடுப்பின் உட்புறம் குளிர்ந்துபோகிறது. தண்ணீரைக் காய்ச்சச் செலவாகும் வெப்பம் ஒரு யூனிட்டில் கால் பங்குதான். பெரிய நட்டம், குளிர்ந்த அடுப்பில் வாயு எரியாமலே புகையாகச் சிம்னிக்குள் போய்விடுவது. அந்தப் புகை கண்ணாடியில் படிந்தால் கறுப்பு. சிம்னிச் சுவரில் படிந்தால் கிரியோசோட் என்னும் பிசின். வெளியே போனால் பக்கத்து வீட்டாரின் மூச்சு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெப்பம்தான் இந்த மூன்று இடங்களிலும் இருக்கிறது.

20 சதவீத ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் வெப்பம் தரும். நல்ல ஸ்டவ் அதில் முக்கால் பங்கை அறைக்குக் கொடுக்கும். ஆக மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் எரித்தால் உங்கள் ஸ்டவ்வின் முழு 5 கிலோவாட் கிடைத்துவிடும். கையடக்கமான இரண்டு மூன்று துண்டுகள், அவ்வளவுதான்.

இனி அந்த லாரி விறகு. 'சீசன்ட்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எந்த எண்ணும் இல்லை. ஆறு மாதம் மழையில் கிடந்த விறகையும் அப்படிச் சொல்லி விற்கலாம், விற்கிறார்கள். எண் உள்ள சொல் 'ரெடி டு பர்ன்' (எரிக்கத் தயார்) மட்டும்: 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த முத்திரையும் இருக்க வேண்டும்.

இதில் உள்ள விதிவிலக்கைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள், நீங்கள் மாட்டிக்கொண்டது அதில்தான். 2 கன மீட்டரும் அதற்கு மேலும் வாங்கினால் இந்த 20 சதவீதக் கட்டுப்பாடு விற்பவருக்குக் கிடையாது. எப்படிக் காய வைப்பது, எப்படிச் சேமிப்பது, ஈரத்தை எப்படி அளப்பது என்று ஒரு குறிப்புத் தாள் கொடுத்துவிட்டால் பச்சை விறகையே அவர் இறக்கிவிட்டுப் போகலாம். நீங்கள் வாங்கியது 3. பெரிய கொட்டகை வைத்து இரண்டு வருடத் தேவையை முன்கூட்டியே வாங்கிக் காய வைப்பவர்களுக்காக விட்ட சலுகை இது. நவம்பரில் வாங்கி நவம்பரிலேயே எரிக்கும் குடும்பம் இதற்குள் வந்து விழும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். பெட்ரோல் பங்கில் ஒரு வலைப்பை விறகு வாங்குபவரைக் காக்கும் சட்டம், முழுக் குளிர்காலத்துக்கும் வாங்குபவரிடம் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறது. அந்தத் தாளாவது உங்களுக்குக் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் உள்ளூர் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (வணிக விதிமீறல்களை விசாரிக்கும்) அலுவலகத்துக்கு எழுதுங்கள். தாள் கொடுக்காதது விதிமீறல். 'கால் கன மீட்டர் கூடுதலாகப் போடுகிறேன், மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்' என்று 2ஐத் தாண்ட வைக்கும் விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள்; அந்தக் கால் கன மீட்டர் அவரை 20 சதவீதக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கிறது.

அளவிலும் ஏமாற்று உண்டு. 'டம்பி பை' (மொத்த விறகுக்கான பெரிய பை), 'ஒரு லோடு' என்பவை ஆளுக்கு ஆள் மாறும். கன மீட்டரில் கேளுங்கள். கொட்டிய அளவா, அடுக்கிய அளவா என்றும் கேளுங்கள். கொட்டிய ஒரு கன மீட்டரை அடுக்கினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். ஆஷ் மரம் வெட்டிய அன்றே எரியும் என்பார்கள். மற்ற மரங்களைவிட அதில் ஈரம் குறைவு, உண்மை. ஆனாலும் பச்சை ஆஷில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். பைன் போன்ற மென்மரம் சிம்னியைக் கெடுக்கும் என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். காய்ந்திருந்தால் தாராளமாக எரிக்கலாம், சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் குறை.

ஈரமானி ஒன்று வாங்குங்கள், இரண்டு ஊசி உள்ள சாதாரண வகை போதும். விறகின் வெளிப்புறத்தில் குத்தினால் பொய் சொல்லும். ஒரு துண்டைக் கோடாலியால் நடுவே பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையில் ஊசிகளை அழுத்துங்கள். குவியலின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு துண்டுகளைப் பாருங்கள். சட்டம் சொல்லும் சதவீதத்துக்கும் கருவி காட்டும் சதவீதத்துக்கும் கணக்கில் சிறு வேறுபாடு உண்டு. அதற்குள் போகாதீர்கள், கருவியில் 20க்குக் கீழே காட்டும் விறகு சந்தேகமில்லாமல் நல்ல விறகு.

உங்கள் குவியல் 30, 35 காட்டும் என்றே நினைக்கிறேன். அதை இந்தக் குளிர்காலத்தில் தொடாதீர்கள். நல்ல விறகோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும்; நல்ல விறகின் சூட்டையும் அது தின்றுவிடும். பத்து சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் உள்ளதை எல்லாம் பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை மேல், காற்று வரும் பக்கம் பார்த்து அடுக்குங்கள். மேலே மட்டும் கூரை, பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாயால் முழுதும் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். ஆஷ், பிர்ச் எல்லாம் அடுத்த குளிருக்கு ஆகிவிடும். ஓக் இருந்தால் இரண்டு கோடை தேவை. இந்த வருடத்துக்கு 'ரெடி டு பர்ன்' முத்திரைப் பைகளை வாங்குங்கள். விலை கூடுதலாகத் தெரியும், வெப்பக் கணக்கில் பார்த்தால் ஈர விறகுதான் விலை அதிகம்.

இரவு முழுக்கக் கனல விடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். எட்டு மணி நேரம் காற்றில்லாமல் புகையும் விறகு தரும் வெப்பம் மிகக் குறைவு. சிம்னிக்குள் பூசும் பிசினோ மிக அதிகம். அந்தப் பிசின் ஒருநாள் தீப்பிடித்தால் அதுதான் சிம்னி தீ. கார்பன் மோனாக்சைடு உருவாவதும் இப்படி மூச்சுத் திணறும் நெருப்பில்தான். படுக்கப் போகும் முன் கடைசித் துண்டு சுடரோடு எரிந்து தணலாகட்டும். வீடு காலைவரை சூட்டைத் தாங்கவில்லை என்றால் அது மாடக்கூரை வெப்பக்காப்பில் உள்ள குறை, ஸ்டவ்வால் தீராது.

பற்ற வைக்கும் முறையையும் மாற்றுங்கள். அடியில் இரண்டு துண்டுகளைச் சிறு இடைவெளி விட்டு வையுங்கள். அதன்மேல் விரல் தடிமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு, உச்சியில் மெழுகுச் சுருள் ஒன்று. தீ மேலிருந்து கீழே இறங்கட்டும். அடியில் எழும் புகை மேலே உள்ள சுடர் வழியாகப் போய் எரிந்துவிடும், சிம்னியும் விரைவில் சூடேறி இழுக்கத் தொடங்கும். கீழ்க் காற்று, மேல்காற்று இரண்டு திறப்பும் முழுதாக. பதினைந்து இருபது நிமிடத்தில் பெரிய துண்டுகள் பற்றியதும் கீழ்க் காற்றை மூடிவிட்டு மேல்காற்றிலேயே ஓட்டுங்கள். கண்ணாடியைத் துடைத்தபடி இறங்கும் அந்தக் காற்றுதான் கண்ணாடியையும் சுத்தமாக வைத்திருக்கும்.

சுடர் அடங்கித் தணல் சிவந்திருக்கும்போது ஒன்றிரண்டு துண்டு வையுங்கள். வைத்ததும் காற்றை முழுதாகத் திறந்து, துண்டின் எல்லாப் பக்கமும் கறுத்துச் சுடர் பிடித்த பிறகு பாதிக்குக் குறையுங்கள். காந்தத்தால் ஒட்டும் புகைக்குழாய் வெப்பமானியை ஒற்றைச் சுவர்க் குழாயில் வைத்தால் யூகமே வேண்டாம்: பெரும்பாலான ஸ்டவ்களுக்கு 120 முதல் 250 டிகிரி வரை சரியான இடம். சாம்பலைத் தினமும் சுரண்டி எடுக்காதீர்கள், விறகு எரிய இரண்டு விரற்கடை சாம்பல் மெத்தை நல்லது. எடுக்கும் சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே தணல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

காற்றை மூடியும் நெருப்பு அடங்காமல் எரிந்தால் கதவுக் கயிறு (கதவின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிறு) தேய்ந்திருக்கும். ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்றுங்கள், அதே தடிமனில்.

கவுன்சில் கடிதத்தை ஒதுக்கி வைக்காதீர்கள். உங்கள் வீடு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்தால் சிம்னிப் புகைக்கு 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்க முடியும். ஸ்டவ்வின் தயாரிப்பாளர், மாடல் பெயரைப் பார்த்து அது டெஃப்ராவின் (அரசின் சுற்றுச்சூழல் துறை) விலக்குப் பட்டியலில், அதாவது இத்தகைய பகுதிகளில் எரிக்க அனுமதித்த ஸ்டவ்களின் பட்டியலில், உள்ளதா என்று சரிபாருங்கள். 'எக்கோடிசைன்' முத்திரை இருக்கிறது, அது போதும் என்று சிலர் சொல்வார்கள். அது 2022 முதல் புதிய ஸ்டவ்களுக்கு வந்த தயாரிப்புத் தரம். டெஃப்ரா விலக்கு வேறு, அதுவும் குறிப்பிட்ட எரிபொருளைச் சொன்ன முறையில் எரித்தால்தான் செல்லும். ஒரே புகைக்கு இரண்டு முத்திரை, இரண்டு பட்டியல் வைத்து மக்களைக் குழப்புவதை அரசு என்றைக்கு நிறுத்துமோ தெரியவில்லை. ஈரமானி வாங்கியது, விறகை மாற்றியது, சிம்னி சுத்தம் செய்த ரசீது ஆகியவற்றோடு கவுன்சிலுக்குப் பதில் எழுதுங்கள்.

சிம்னி சுத்தம் செய்யும் வரை ஒரு சுள்ளியைக்கூடப் பற்ற வைக்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உள்ளே பிசின் பூசியிருப்பது நிச்சயம். எரித்தால் சிம்னி தானே சுத்தமாகும் என்று விற்கும் ரசாயனக் கட்டைகள் துடைப்பத்துக்கு மாற்றாகாது. சான்றுபெற்ற சிம்னி தொழிலாளியை அழைத்து, பிரஷ் போடுவதோடு ஸ்டவ்வின் உட்தடுப்புத் தகட்டைக் கழற்றி அதன்மேல் தேங்கிய கரியையும் எடுக்கச் சொல்லுங்கள். புகைச் சோதனை செய்து எழுத்தில் சான்றிதழ் வாங்குங்கள், வீட்டுக் காப்பீட்டுக்காரர் பின்னால் கேட்பார். விறகு எரிக்கும் வீட்டில் வருடம் இரண்டு முறை இது நடக்க வேண்டும். அவர் வந்து போவதற்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் அதே அறையில், ஸ்டவ்விலிருந்து பக்கவாட்டில் 1 முதல் 3 மீட்டர் தூரத்தில், கூரையில் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி மாட்டியிருக்கட்டும். பெட்டியில் பிஎஸ் ஈஎன் 50291 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன அலாரம் சுவரில் இருந்தால் அதன் காலாவதி வருடத்தைப் பாருங்கள், பொத்தானை அழுத்தினால் சத்தம் வருவது மட்டும் போதாது.