2003 ஹெரிடேஜ் ஸ்பிரிங்கரா, 2008 கிராஸ் போன்ஸா?

நண்பரே, இந்த இரண்டு பழைய ஹார்லி-டேவிட்சன் பைக்குகளும் கிட்டத்தட்ட ஒரே விலையில் கிடைக்கின்றன, எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் கிராஸ் போன்ஸைத்தான் எடுப்பேன். 1584 சிசி எஞ்சின், 6 கியர்; நெடுந்தூரத்துக்குச் சுகம்.

ஹெரிடேஜ் 1450 சிசி, 5 கியர். அழகில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் எஞ்சினுக்குள் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பிளாஸ்டிக் பட்டை தேயும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்தே விலை பேசுங்கள்.

அப்புறம், எதுவானாலும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தச் சொல்லி, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின்) அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லேசாக ‘டொக்’ என்றாலும் ராக்கர் மூட்டிலோ (ஃபோர்க்கின் அடியில் சக்கரத்தோடு ஏறி இறங்கும் சிறு கையின் மூட்டு) கழுத்து பேரிங்கிலோ (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தேய்மானம் இருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.