பேட்டரித் தகடு உருக்கும் வீட்டில் பிள்ளைக்கு இரத்தம் ஏன் குறைகிறது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். என் கணவர் பழைய கார் பேட்டரியை உடைத்து, தகட்டை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கிறார். 3 வயது மகனுக்கு இரத்தசோகை என்று இரும்பு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலைதான் காரணமா? பால் கொடுத்தால் விஷம் இறங்குமா?

பதில்: காரணமாக இருக்கலாம். பேட்டரித் தகட்டில் இருப்பது காரீயம் என்ற நச்சு உலோகம். மகனின் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்த்தே ஆகவேண்டும். (நம் ஊர் ஈயக்குட்டைகளில் எடுத்தது வெள்ளீயம். இது வேறு, மலாயில் தீமா ஹீத்தாம்.)

காரீயம் கந்தகத்தை விடாமல் பற்றும். செல்லில் பல நொதிகள் கந்தக முனைகளால் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்கிறது. ஹீமோகுளோபினுக்கு வேண்டிய, இரும்பைத் தாங்கும் ஹீம் என்ற பகுதி உருவாகும் வழியில் அலாட் என்ற நொதி இப்படி முடங்குகிறது. கடைசிப் படியில் இரும்பைக் கோக்கும் நொதியும் தடுமாறும். இரும்பு இருந்தும் பயனில்லை. மூளைச் செல்லிலோ கால்சியத்தின் வாசல் வழியே நுழைந்து, அதன் சமிக்ஞைகளைக் குழப்புகிறது. சோகையைவிட எனக்குக் கவலை இதுதான்.

குடலில் இரும்பு ஏறும் வழியில் காரீயமும் ஏறும். இரும்பு குறைந்த பிள்ளைக்கு அது கூடுதலாக ஏறும். ஆகவே மருந்தை நிறுத்தாதீர்கள். விழுங்கியதில் பெரியவருக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால், சிறு பிள்ளைக்கு ஏறக்குறைய பாதி சேரும். பால் விஷத்தை இறக்காது. அளவு மீறினால் இரும்பு இன்னும் குறையும்.

உருக்குவதை இன்றே நிறுத்துங்கள். புகையைவிட, உருகிய காரீயத்தின் மேலே படியும் சாம்பல் நிறக் கசடும் தகட்டுப் பொடியும்தான் வீட்டுக்குள் வருகின்றன. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தரையைத் துடையுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். மீந்த பேட்டரிகளைப் பேட்டரிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

சோதனைக்கு இரத்தக் குழாயிலிருந்து ஊசியால் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். விரலில் குத்தினால் தோலின் தூசி கலந்து கணக்கு தப்பும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே மூலத்தைக் கண்டுபிடித்து அகற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ஐ எட்டினால் காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து, மருத்துவமனையின் மேற்பார்வையில்.

கணவரும் நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் சேர்ந்தது பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் கரைந்து கருவுக்கும் போகும்.