பாரிஸில் இறங்கினால் பிரான்ஸ் விசாதானா?

கோடை விடுமுறை நெருங்குவதால் ஐரோப்பிய ஷெங்கன் விசா பற்றியே கேள்விகள் குவிந்திருக்கின்றன. ஒரே விசாவில் 29 நாடுகள் போய்வரலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நானும் மனைவியும் மே மாதம் போகிறோம். பாரிஸில் 3 இரவு, சுவிட்சர்லாந்தில் 5, இத்தாலியில் 3. விமானம் பாரிஸில் இறங்குகிறது. 'பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லை, இத்தாலிக்குப் போட்டுவிடுவோம், விசா வந்ததும் ஓட்டலை மாற்றிக்கொள்ளலாம்' என்கிறார் ஏஜென்ட். சரிதானா?
- ஈரோடு வாசகர்

சரியில்லை. நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது சுவிட்சர்லாந்துக்கு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாடுதான் விசா தரவேண்டும். இறங்கும் ஊர் கணக்கில் வருவது, தங்கும் நாட்கள் சமமாகும்போது மட்டும். பாரிஸ் 4, சுவிஸ் 4, இத்தாலி 3 என்று இருந்திருந்தால், முதலில் நுழையும் நாடு என்ற முறையில் பிரான்ஸ். சுவிஸ் கொடுத்த விசாவோடு பாரிஸில் இறங்கத் தடையேதும் இல்லை.

ஏஜென்ட் சொல்லும் வழியில் இரண்டு இடத்தில் மாட்டலாம். பாரிஸ் குடிநுழைவுக் கவுன்டரில் ஓட்டல் பதிவைக் கேட்பார்கள். இத்தாலி கொடுத்த விசா, இத்தாலியில் மூன்றே இரவு என்றால் அங்கேயே விசாவை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அங்கே தப்பினாலும், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது பழைய விசாவை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று பார்ப்பார்கள்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல 15 நாள் எடுப்பார்கள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கும். மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் தேதி தேடினால் கிடைக்காது. ஜனவரி, பிப்ரவரியிலேயே கைரேகை கொடுத்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது.

பேங்கில் எவ்வளவு இருக்கவேண்டும்? மாமனார் 5 லட்சம் போட்டுவிடுகிறேன் என்கிறார்.
- மதுரை வாசகி

'இத்தனை லட்சம் இருந்தால் விசா நிச்சயம்' என்று ஒரு தொகை கிடையாது. குறைந்தபட்ச அளவுகோல் உண்டு: சுவிட்சர்லாந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 100 பிராங்க், பிரான்ஸ், ஓட்டல் பதிவு இருந்தால் 65 யூரோ, இல்லையென்றால் 120. தொகையைவிட அவர்கள் உற்றுப் பார்ப்பது கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் பணம் வந்துபோகும் விதத்தை. மாதம் 40,000 சம்பளம் வந்து 35,000 செலவாகும் கணக்கில், விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு 5 லட்சம் விழுந்தால் அது கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றுதான் படும்.

மாமனார் உண்மையிலேயே செலவை ஏற்கிறார் என்றால் அதை மறைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் செலவை ஏற்பவராக அவரையே காட்டுங்கள். அவருடைய கடிதம், அவருடைய ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, உறவைக் காட்டும் ஆவணம் எல்லாம் சேரட்டும். பிக்சட் டெபாசிட் ரசீது துணைக்கு வைக்கலாம். சேமிப்புக் கணக்கின் இடத்தை அது நிரப்பாது. ஸ்டேட்மென்ட்டில் வங்கி முத்திரையும் கையெழுத்தும் வாங்க மறக்காதீர்கள்.

எனக்கு சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்டில் 'கிவன் நேம்' மட்டும்தான். பேங்கிலோ இனிஷியலோடு இருக்கிறது. சிக்கல் வருமா?
- விருதுநகர் வாசகர்

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இது. விதி ஒன்றுதான்: பாஸ்போர்ட்டில் எப்படியோ, விண்ணப்பம், இன்சூரன்ஸ், ஓட்டல் எல்லாவற்றிலும் அப்படியே. இனிஷியலை நீங்களாக விரித்து எழுதாதீர்கள். விமான டிக்கெட்டில் கடைசிப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும் நிறுவனம் உண்டு, வேறு விதமாகக் கேட்கும் நிறுவனமும் உண்டு. டிக்கெட் போடுமுன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். பேங்கில் 'கே. முத்துக்குமார்', பாஸ்போர்ட்டில் 'முத்துக்குமார்' என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

அடிக்கடி வெளிநாடு போகிறவர் என்றால் அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்து பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்துவிடுவது நல்லது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு போட்டது நினைவிருக்கலாம்.

பாஸ்போர்ட் ஆகஸ்ட் 25-ல் முடிகிறது. மே 20-ல் திரும்பிவிடுவேன். போதுமா?
- வேலூர் வாசகர்

போதும். ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து 3 மாதம் இருக்கவேண்டும். உங்களுக்கு ஐந்து நாள் மிச்சம். பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனால் விசா கிடைக்காது. ஆகவே புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பதே நிம்மதி. குறைந்தது இரண்டு பக்கம் காலியாகவும் இருக்கவேண்டும்.

விசா வந்துவிட்டது. மே 10 முதல் ஜூன் 8 வரை என்று இருக்கிறது. கீழே 15 என்று ஓர் எண். எத்தனை நாள் தங்கலாம்?
- நாகர்கோவில் வாசகர்

15 நாள்தான். ஸ்டிக்கரை மேலிருந்து கீழே படியுங்கள். 'பிராம்', 'அன்டில்' என்று இருக்கும் இரண்டு தேதிகள் கதவு திறந்திருக்கும் காலம். 'டியூரேஷன் ஆஃப் ஸ்டே' என்பதற்குக் கீழே இருப்பது, அந்தக் காலத்துக்குள் நீங்கள் உள்ளே இருக்கக்கூடிய நாட்கள். விமானம் தாமதமாகலாம், தேதி மாறலாம் என்று 15 நாள் கூடுதலாக விட்டுக் கொடுக்கிறார்கள். அதைத்தான் பலர் தங்கும் நாளோடு சேர்த்துவிடுகிறார்கள். மே 10 இறங்கினால் மே 24 கிளம்பியாக வேண்டும். இரவு 11.50-க்கு இறங்கினாலும் அது ஒரு முழு நாள். கிளம்பும் நாளும் ஒரு நாள்.

அதே வரிசையில் 'நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்' என்ற கட்டத்தைப் பாருங்கள். 01 என்றிருந்தால் ஒரே நுழைவு. பாரிஸிலிருந்து ரயிலில் லண்டன் போய் இரண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்பலாம் என்று திட்டமிட்டிருந்தால் திரும்ப முடியாது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும். அங்கே போன கணமே உங்கள் ஒரே நுழைவும் தீர்ந்துவிடும். அயர்லாந்துக்கும் இதே கதைதான். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது, அங்கே போய்வரலாம்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே பெயரின் எழுத்துகள், பாஸ்போர்ட் எண், தேதிகள் மூன்றையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் கிளம்புமுன்தான் திருத்த முடியும்.

மகன் ஜெர்மனியில் வேலை செய்கிறான். எனக்கு 2 ஆண்டு மல்டிபிள் விசா கிடைத்திருக்கிறது. 2026 ஜனவரி 5-ல் போனால் எவ்வளவு காலம் இருக்கலாம்? இடையில் ஒருமுறை வெளியே போய்வந்தால் மறுபடி 90 நாள் தொடங்குமா?
- திருச்சி வாசகி

தொடங்காதும்மா. 2 ஆண்டு விசா என்பது இரண்டு ஆண்டுக்கும் வீடு மாறிவிடலாம் என்பதல்ல. எந்த நாளில் நின்று பின்னால் பார்த்தாலும், கடந்த 180 நாளில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருந்திருக்கக் கூடாது. ஜனவரி 5-ல் நுழைந்தால் ஏப்ரல் 4 உங்கள் 90-வது நாள்; அன்று கிளம்பிவிட வேண்டும். தொடர்ந்து 90 நாள் இருந்தவர் தொடர்ந்து 90 நாள் வெளியே இருக்கவேண்டும். ஏப்ரல் 5 முதல் ஜூலை 3 வரை வெளியே இருந்தால் ஜூலை 4-ல் மறுபடி 90 நாளுக்குப் போகலாம். துண்டு துண்டாகப் போய்வந்தால் மனக்கணக்கு ஒத்துவராது. ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது, தேதிகளைப் போட்டுப் பாருங்கள்.

முன்பு பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணித்தான் கணக்குப் பார்ப்பார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் கணினியே எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

முதல் முறை விண்ணப்பிக்கும் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. ஜெர்மனியில் இருக்கும் மகனோ மகளோ செலவை ஏற்பதென்றால், சாதாரண அழைப்புக் கடிதம் போதாது. அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, பொறுப்பேற்பு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, மூலப் பிரதியை இங்கே அனுப்பவேண்டும். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லுபடியாக இருக்கவேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மலிவான பாலிசியை எடுத்துவிட்டு அங்கே போய்த் தவிக்கிறார்கள்: ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் பொடி எழுத்தில் இருக்கும். விசாவுக்கு அது போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது.

விசா மறுத்துவிட்டார்கள். 'பயணத்தின் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது. எல்லா ஆவணமும் கொடுத்தேனே?
- கோவை வாசகர்

நீங்கள் அனுப்பிய நகல்களைப் பார்த்தோம். ஆவணம் குறையவில்லை, ஒன்றோடொன்று முட்டுகின்றன. அலுவலக விடுப்புக் கடிதம் 10 நாளுக்கு, டிக்கெட் 14 நாளுக்கு. இன்சூரன்ஸ் 12 நாள். ஓட்டல் பதிவில் ஓர் இரவு விட்டுப்போயிருக்கிறது. அதிகாரி உங்களை நேரில் சந்திப்பதில்லை, காகிதத்தைத்தான் சந்திக்கிறார். அந்த ஓர் இரவு எங்கே தங்குவீர்கள், மீதி நாலு நாளுக்கு வேலைக்குத் திரும்பவேண்டாமா என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு.

ஒரு தாளில் தேதி, ஊர், தங்கும் இடம், அடுத்த ஊருக்குப் போகும் வழி என்று நான்கு பத்தி போட்டு நாள்வாரியாக எழுதுங்கள். அதை வைத்து மற்ற எல்லாக் காகிதத்தையும் திருத்துங்கள். புதிய விண்ணப்பத்துக்குக் காத்திருப்புக் காலம் ஏதுமில்லை. மேல்முறையீடும் செய்யலாம், எங்கே, எத்தனை நாளுக்குள் என்று மறுப்புத் தாளிலேயே இருக்கும். உங்களைப் போன்ற நிலையில் புதிய விண்ணப்பமே சீக்கிரம் முடியும். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை எடுத்துவிட்டது. அங்கே நீதிமன்றம் அல்லது புதிய விண்ணப்பம்தான். முன்பு மறுக்கப்பட்டதை மறைக்கச் சொல்லும் ஏஜென்ட்டை விட்டு விலகுங்கள். 29 நாடுகளும் பார்க்கும் தகவல் தொகுப்பில் அது 5 ஆண்டு இருக்கும்.

மகளுக்குக் கறிவேப்பிலையும் நெய்யும் கொண்டுபோகலாமா?
- தஞ்சாவூர் வாசகி

இரண்டும் கூடாது. பால், இறைச்சிப் பொருட்கள் எதையும் வெளியிலிருந்து வரும் பயணி கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நெய், பன்னீர், பால்கோவா எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய்க்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் ஐந்தே ஐந்து: தேங்காய், வாழை, பேரீச்சை, அன்னாசி, டுரியன். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, புளி தாராளமாகப் போகும். கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் சுங்கத்தில் பேச்சு குறையும்.