மறு: விடுதலையாகி வந்த தம்பி கதவைத் திறப்பதில்லை

வணக்கம். புழல் சிறையில் 14 மாதங்கள் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டு வியாசர்பாடி வீட்டுக்குத் திரும்பியுள்ள உங்கள் தம்பி, சாத்தியிருக்கும் கதவைத் தானே திறக்காமல் யாராவது திறக்கும்வரை அதன் முன்னே நிற்கிறார் என்றும், குளிப்பதற்குக்கூட அம்மாவிடம் அனுமதி கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இது நடிப்போ சோம்பலோ அன்று. எழுவது, உண்பது, உறங்குவது அனைத்தையும் பிறரே முடிவுசெய்யும் இடத்தில் வாழ்ந்தவருக்குத் தானாக முடிவெடுக்கும் பழக்கமே மங்கிவிடும். சிறைக்குப் பழகிப்போகும் இந்த மாற்றத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்ட் கிளெம்மர் 1940-லேயே விளக்கியிருக்கிறார்.

கம்பிக்கு வெளியே நின்றவனையும் அது விடுவதில்லை. நான் சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டை வீட்டில் இன்றும் மாலை ஆறு மணியானால் என் கண்கள் கூடத்தில் இருப்பவர்களின் தலைகளை எண்ணும். ஒரு தலை குறைந்தால், பேத்தி மாவு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள் என்று தெரிந்தும், நெஞ்சு படபடக்கும்.

தம்பியிடம் “என்ன வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்காமல், இட்லியா தோசையா என்று கேளுங்கள். வீட்டுச் சாவி ஒன்றை அவரிடமே கொடுத்துவையுங்கள். அவருக்குப் பின்னால் சத்தமின்றி வந்து நிற்காதீர்கள். தூக்கமின்மை நீடித்தால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சாகப்போவதாகப் பேசினால் அன்றே செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.